எறிகிறவன் கண்ணும் நெட்டையன் கையும்

கல் பிடிக்கிற கையைப் பார்த்து ஆளை எடைபோடுவதில் தாமிரபரணிக் கரையில் எனக்கு நிகர் கிடையாது. பாபநாசத்தில் தொடங்கிப் புன்னைக்காயல் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, பிறர் சொல்ல வேண்டும் என்பார்கள். பிறர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் எனக்கு மூன்று செங்கல் சூளை வந்திருக்காது.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆறாம் வகுப்பில் சேர வேண்டிய ஜூன் மாதத்தில் சீவலப்பேரி ரோட்டில் ஒரு சூளைக்குக் கல் சுமக்கப் போனேன். பதினெட்டு வயதில் லாரிக்கு மேலே நின்று கல் பிடிக்கிறவன் ஆனேன். அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் ஒருவன் நின்று இரண்டு கல்லைச் சேர்த்து மேலே எறிவான். லாரியில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் நிற்பார்கள். கல் பிரியாமல் பிடிக்க வேண்டும், திரும்பி அடுக்க வேண்டும், அடுத்த கல்லுக்கு முகம் காட்ட வேண்டும். மூன்று பேரும் பேச மாட்டார்கள். பேசினால் பல் போகும்.

என் இங்கிலீஷ் முழுவதும் லாரி நம்பர் பலகையில் படித்தது. அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் நடக்கிற ஓர் ஆட்டத்தில் ஒரு புது ஆட்டக்காரனைப் பதினாறு வாரம் எடைபோட்டேன். பதினைந்து வாரம் என் கணக்கு தப்பவில்லை. மிச்சம் ஒரு வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மகள் பிரசவத்துக்காக நானும் என் வீட்டுக்காரியும் நான்கு வருடத்துக்கு முன்னால் அமெரிக்கா போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்து கத்துவார்கள். அந்த ஊர்க் கால்பந்து. காலுக்கு அதில் ஓடுகிற வேலைதான், மற்றதெல்லாம் கைதான். ஒருவன் நின்று எறிகிறான். நாலைந்து பேர் ஓடிப்போய்ப் பிடிக்கிறார்கள். எதிராளிகள் எறிகிறவனைக் கவிழ்க்க மாடு மாதிரி வருகிறார்கள். பத்து நிமிடம் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது கல் எறிகிற வேலைதான், தலைக்குக் கவசம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிநேகிதர்கள் அதற்குள் இன்னொரு ஆட்டம் வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கித் தனக்கென்று ஒரு அணி சேர்த்துக்கொள்வது. எல்லாம் செல்போனில்தான், அந்த ஆட்டக்காரர்களுக்கு இது தெரியாது. நம் ஆள் ஒரு பந்து பிடித்தால் நமக்கு ஒரு புள்ளி. பிடித்துக்கொண்டு பத்து கஜம் போனால் இன்னொரு புள்ளி, மிச்சக் கஜத்துக்கும் பின்னமாகப் புள்ளி உண்டு. கடைசிக் கோட்டைத் தொட்டால் ஆறு. வாரா வாரம் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவனை வேண்டாம் என்று கழித்துவிட்டால் மற்றவர்களில் யார் வேண்டுமானாலும் அவனை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சென்ற செப்டம்பரில் அவர்களுக்குப் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள், எட்டுப் பேர்தான் தேறினார்கள். மாப்பிள்ளை என்னையும் தன் அப்பாவையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய அப்பா, அதாவது என் சம்பந்தி, பாளையங்கோட்டையில் இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. எங்கள் இருவருக்கும் அதுவரை பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. "சௌக்கியமா?" "சௌக்கியம், நீங்க?" அத்தோடு சரி. அவர் படித்தவர், நான் சுட்டவன்.

பந்தயம் ஆரம்பித்தது பேத்தியால்.

அவளுக்கு நான்கு வயது. என்னைச் செங்கல் தாத்தா என்பாள், அவரைக் கணக்குத் தாத்தா என்பாள். போன கோடையில் மூன்று வார லீவில் வந்தார்கள். புகுந்த வீட்டுக்குத்தான் முதல் உரிமை என்று இரண்டு வாரம் பாளையங்கோட்டையில் இருந்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் வந்தார்கள். முதல் நான்கு நாள் அவளுக்கு என் மீசையைப் பார்த்தாலே பயம். ஐந்தாம் நாள் மடியில் ஏறினாள். ஆறாம் நாள் என் தோளில் உட்கார்ந்து சூளையைச் சுற்றிப் பார்த்தாள். ஏழாம் நாள் பெட்டி கட்டிவிட்டார்கள்.

அடுத்த கோடையிலும் அதே மூன்று வாரம்தான் என்று மகள் போனில் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"எம்மா, இந்தத் தடவையாவது மாத்தி வைக்கக் கூடாதா? அங்க ஒரு வாரம், இங்க ரெண்டு வாரம்?"

"அதெப்படிப்பா? அத்தை மாமா என்ன நெனைப்பாங்க?"

பக்கத்திலிருந்து மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாமா, நீங்களும் எங்க அப்பாவும் ஆட்டத்துலயே தீத்துக்கிடுங்க. சீசன் முடியும்போது உங்க ரெண்டு பேருல யாருக்குப் புள்ளி கூடவோ, அவுங்க வீட்டுல ரெண்டு வாரம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அடுத்த நிமிடமே பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுவிட்டேன். சம்பந்தி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி. நான் ஒரு நோட்டு வாங்கிக்கிடுதேன்" என்றார்.

ஆள் பொறுக்குகிற அன்று எல்லோரும் பேர்போன ஆட்டக்காரர்களுக்கு அடித்துக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் யாரும் சீண்டாத ஒரு புது ஆளை நான் எடுத்தேன். அந்த வருடம்தான் பெரிய ஆட்டத்துக்கு வந்தவன். ஒல்லி, பனைமரம் மாதிரி உயரம். அவன் பெயர் என் வாயில் நுழையவில்லை. நெட்டையன் என்று வைத்துக்கொண்டேன். அவன் கல்லூரியில் ஆடிய ஒரு துண்டுப் படத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். பந்து வரும்போது அவன் கை அதை அடிக்கவில்லை, வாங்கியது. கல்லை அடித்துப் பிடிக்கிறவனுக்குச் சாயங்காலம் விரல் வீங்கும். வாங்கிப் பிடிக்கிறவன் முப்பது வருடம் வேலை செய்வான். எனக்கு அது போதும்.

முதல் வாரம் நெட்டையன் பிடித்தது இரண்டே பந்து. திங்கட்கிழமை காலையில் சம்பந்தி போனில் வந்தார். குரலில் மரியாதை சொட்டியது.

"உங்க புது ஆளு ரெண்டுதான் பிடிச்சிருக்காரு போலிருக்கு. பரவாயில்ல. நல்ல குடும்பத்துப் பிள்ளையாத்தான் இருப்பாரு."

"எத்தனை பிடிச்சான்னு ஏன் பாக்கீங்க? எத்தனை எறிஞ்சாங்கன்னு பாருங்க."

"எத்தனை எறிஞ்சாங்க?"

"எட்டு. ஆறு அவன் கைக்கே வரல. எறிஞ்சவன் தப்பு. ஆட்டம் முழுக்க அவனை வெளியே எடுக்கவும் இல்ல. ஒரு புதுக்கையை முதல் நாளே பொழுதடையுத வரைக்கும் லாரியில நிறுத்துனா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"முதலாளிக்கு அவனைப் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம்."

அப்போதுதான் என் தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டேன். பெருமை பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "சம்மந்தி, பிடிக்கிறவனைப் பாக்காதீங்க. எறியுதவன் கண்ணைப் பாருங்க. மூச்சு வாங்குது, கை சோருது, மழை தூறுது. அந்த நேரத்துல யார் பக்கம் திரும்புதான்? முன்னால நிக்கிறவன் பக்கமா, பின்னால நிக்கிறவன் பக்கமா? அவன் யாரை நம்புதானோ அவன்தான் ஆளு. இந்த எறியுதவனை நாலு தடியனுங்க கவுக்க வந்தப்ப அவன் நெட்டையனைத்தான் தேடுனான். நான் பாத்தேன்."

மறுமுனையில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அதை நான் அன்று பொருட்படுத்தவில்லை.

மூன்றாவது வாரம் நெட்டையன் கடைசிக் கோட்டை இரண்டு தடவை தொட்டான். நான் நாலாவது வாரத்தில் அவன் பெருமையை வீட்டில் உரக்கச் சொன்னேன், ஐந்தாவது வாரத்தில் ஊருக்கே சொன்னேன். வண்ணார்பேட்டை டீக்கடையில் என்னைக் கண்டதும் ஆட்கள் தம்ளரோடு எழுந்து வெளியே போனார்கள். என் வீட்டுக்காரி ஒரு நாள் சட்னி அரைத்துக்கொண்டே சொன்னாள்:

"கட்டுன நாள்ல இருந்து எம் பேரை இத்தனை தடவை நீங்க சொன்னதில்ல. எந்திரிச்சா நெட்டையன், படுத்தா நெட்டையன். அவனுக்கு ஒரு தட்டு வைக்கட்டா?"

புள்ளி வரும் என்பதற்காக ஒருவனைக் கண்மூடி இறக்குகிறவன் நான் அல்ல. வாரா வாரம் பார்த்துத்தான் இறக்குவேன். ஒரு வாரம் எறிகிறவனுக்குத் தோளில் அடி, மாற்று ஆள் வந்தான். எறிகிறவன் மாறினால் பிடிக்கிறவன் பாதி ஆள். இது என் லாரியில் நூறு தடவை பார்த்தது. நெட்டையனை உட்கார வைத்தேன். அன்று அவனுக்கு ஒரே ஒரு பந்துதான் வந்தது. இன்னொரு வாரம் அந்த ஊரில் பனி கொட்டியது. எல்லோரும் பிடிக்கிறவர்களை எடுத்துவிட்டார்கள். நனைந்த கல்லை எறிகிறவன் தூரமாக எறிய மாட்டான், கிட்டத்தில்தான் கொடுப்பான், ஆனால் அடிக்கடி கொடுப்பான் என்று நான் நெட்டையனை விட்டுவைத்தேன். ஒன்பது பிடித்தான். எல்லாம் மூன்று கஜம், நான்கு கஜம். பிடித்தாலே ஒரு புள்ளி அல்லவா? அன்று சம்பந்தி போனை எடுக்கவே இல்லை.

இதற்குள் எங்கள் பேச்சும் மாறிவிட்டது. "நீங்க" எப்போது "நீரு" ஆனது என்று இருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் நெருங்கியவர்கள் போட்டுக்கொள்கிற "வே"யை ஆறாவது வாரத்தில் அவர் போட்டார். நான் ஏழாவது வாரத்தில் திருப்பிப் போட்டேன். சம்பந்திகள் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டு என் மகள் போனிலேயே திகைத்தாள்.

"என்ன வே, உம்ம நோட்டு என்ன சொல்லுது?"

"நோட்டு சொல்லுதது இருக்கட்டும். உம்ம செங்கல் சாத்திரம் எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு பாப்போம் வே."

பதினைந்தாவது வாரம் முடிந்தபோது நான் அவரைவிட முப்பது புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தேன். மாடி அறையைச் சுத்தம் செய்து, பேத்திக்கு ஒரு மர ஊஞ்சல் சொல்லிவிட்டேன். ஆசாரி அளவெடுத்துக்கொண்டு போனார்.

பதினாறாவது வாரம். திங்கட்கிழமை காலை டிவி முன்னால் உட்கார்ந்தேன். நெட்டையன் கைக்கு நேராக வந்த பந்து நழுவி விழுந்தது. எதிரே யாரும் இல்லை. சரி, மனிதன்தானே என்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதுவும் இரண்டு உள்ளங்கையிலும் பட்டுவிட்டுக் கீழே போயிற்று.

என் சூளையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு லோடில் இரண்டு தடவை கல்லை நழுவவிட்டவன் உடனே லாரியைவிட்டு இறங்க வேண்டும். கெஞ்சினாலும் இறங்க வேண்டும். பழைய ஆளா, புது ஆளா என்று பார்ப்பதில்லை. மேலே நழுவுகிற கல் கீழே நிற்பவன் தலையிலோ காலிலோதான் விழும். என் வலது கால் பெருவிரல் கோணலாக இருப்பது அப்படி ஒருவன் நழுவவிட்ட கல்லால்தான். அந்தச் சட்டத்தை நான் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. என் சொந்த மைத்துனனை இறக்கியிருக்கிறேன். அவன் ஆறு மாதம் என் வீட்டில் கை நனைக்கவில்லை.

இரண்டாவது பந்து விழுந்ததும் கோணல் விரல் தானாகச் சுருண்டது. டிவியை அணைத்தேன். செல்போனை எடுத்து நெட்டையனை உட்கார வைக்கவில்லை, கழித்தே விட்டேன். இறங்குலே கீழே என்று வாய்விட்டுச் சொன்னதாக வீட்டுக்காரி பின்னால் சொன்னாள்.

அந்த மைதானத்தில் கீழே யாரும் நிற்கவில்லை, பந்து விழுந்தால் புல்தான் நோகும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. டிவியை அணைத்ததால் மிச்ச ஆட்டத்தையும் பார்க்கவில்லை.

புதன்கிழமை சம்பந்தி கூப்பிட்டார். குரலில் பழைய மரியாதை சொட்டியது. 

"சௌக்கியமா?"

"என்ன வே, சௌக்கியத்துக்கு என்ன கேடு? விஷயத்தைச் சொல்லும்."

"உம்ம நெட்டையன் இப்ப எங்க வீட்டுல இருக்கான்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீரு சொல்லிக்குடுத்ததுதான் வே. முதல் வாரமே நோட்டுல எழுதி வச்சிருக்கேன். பிடிக்கிறவனைப் பாக்காதே, எறியுதவன் கண்ணைப் பாருன்னு. ரெண்டு தடவை நழுவவிட்ட பெறவும் அந்த எறியுதவன் அவங்கிட்டயேதான் எறிஞ்சான். ஒண்ணு இல்ல, நாலு தடவை. நாலையும் பிடிச்சான். நீரு பாக்கலையா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றேன். பொய்.

அந்தப் பதினாறாவது வாரம் அவருடைய மற்ற ஆட்களும் நன்றாக ஆடி, என் முப்பது புள்ளியைக் கரைத்திருந்தார்கள். அடுத்தது பதினேழு, அதுதான் கடைசி வாரம்; அதில் என் ஆட்கள் எல்லோரும் ஆடி முடித்தபோது என்னிடம் பன்னிரண்டு புள்ளி அதிகம் இருந்தது. அவருக்கு ஒரே ஓர் ஆள் பாக்கி. நெட்டையன்தான். அவனுடைய ஆட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு.

"இங்கயே வாரும். சேந்து பாப்போம்" என்றார். போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்பார். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனேன். சம்பந்தியம்மா இட்லி கொண்டுவந்து வைத்தார். டிவிக்குப் பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது. என் சொற்கள் எல்லாம் அதில் கோடு போட்டு, பத்தி பிரித்து, அழகான கையெழுத்தில் இருந்தன. முதல் பக்கத்தின் தலைப்பு: சம்பந்தி சொன்னவை. என் பேச்சை யாரும் அப்படி எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. இட்லிக் கையைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பாதி ஆட்டத்தில் நெட்டையனுக்கு ஐந்து புள்ளி. எனக்கு மூச்சு சீரானது. அதற்குப் பிறகு இரண்டு பிடித்து ஓடினான். ஒன்பது. ஆட்டத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி.

"மூணுக்கு மேல வேணும். பிடிச்சா மட்டும் பத்தாது, இருபது கஜத்துக்கு மேல இருக்கணும்" என்று சம்பந்தி வாத்தியார் குரலில் சொன்னார். 

"நடக்காது வே."

"ஏன் நடக்காது?"

"அவனை ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டே நிக்கானுங்க. பாரும்."

எறிகிறவன் பின்வாங்கினான். இடது பக்கம் பார்த்தான், அடைத்துவிட்டார்கள். தடியர்கள் வந்துவிட்டார்கள். நான் எறிகிறவன் கண்ணைப் பார்த்தேன். கவசத்துக்குள் கண் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தலை திரும்புகிற விதத்திலேயே தெரியும். அவன் நெட்டையனைத் தேடினான்.

பந்து கிளம்பியது. நான் நாற்காலியில் இல்லை. இரண்டு கையும் மேலே போயிருந்தன, விரல் விரிந்திருந்தது.

"பிடிலே!"

கத்தியது நான்தான். சம்பந்தி இல்லை. நெட்டையன் இரண்டு பேருக்கும் மேலே எழுந்தான். அடிக்கவில்லை, வாங்கினான். இருபத்தேழு கஜம்.

சம்பந்திக்கு என்னைவிட ஒரு புள்ளிகூட முழுதாகக் கூடுதல் இல்லை. அதற்கும் குறைவு. ஆனால் கூடுதல்தான்.

 அவர் நோட்டை மூடினார். "உம்ம ஆளுதான் வே ஜெயிச்சான்" என்றார்.

"எனக்குத் தெரியாதா? எடுத்தது யாரு?"

இரண்டு வாரம் பாளையங்கோட்டை, ஒரு வாரம் எங்கள் வீடு. ஐந்தாம் நாள் மடி, ஆறாம் நாள் தோள், ஏழாம் நாள் பெட்டி. ஒரு வருடத்தில் என்னை மறந்திருப்பாளோ என்னவோ, அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது கோணல் விரல் வாரில் நுழையாமல் கொஞ்ச நேரம் தடுமாறினேன். நிமிர்ந்தால் அவர்கள் வீட்டு மொட்டை மாடி கண்ணில் பட்டது. நான்கு மூலையிலும் தூண் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன.

"சம்மந்தி, மேல ஒரு ரூம் எடுக்கணும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கீரே?"

"ஆமா. பிள்ளை வந்தா விளையாட இடம் இல்ல. எங்க முடியுது?"

"கல்லு என் சூளையில இருந்து வருது. பேத்திக்கு என் சீரு. நீரு வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு. என் கல்லு இறங்குத இடத்துல நான் நிக்கணும். சுவரு எந்திரிக்கிற வரைக்கும் தினமும் காலையில வந்து சாயங்காலம்தான் போவேன்."

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

"ஜூன்ல வச்சிக்கிடுவோம். அவுங்க வந்து இறங்குத மறுநாள்."

"எத்தனை நாள் வேலை?"

"சரியா ரெண்டு வாரம்."

கணக்கு வாத்தியாருக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? சிரிப்பை அடக்கியதில் அவர் சட்டைப்பைப் பேனாக்கள் இரண்டும் குலுங்கின. "வே, நீரு ஆளு சரியில்ல" என்றார்.

ஊஞ்சலை இப்போது பாளையங்கோட்டை அளவுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆசாரி முனகினார். முதல் லோடு வரும் அன்று நானே லாரியில் ஏறிக் கல்லைப் பிடித்துப் பேத்திக்குக் காட்டப் போகிறேன். இந்த வயதில் வேண்டாம் என்கிறாள் வீட்டுக்காரி. நழுவினால் இறங்கிவிடுகிறேன், சட்டம் எனக்கும்தான். எறிகிறவர் யார் என்பதில்தான் சிக்கல். தானே எறியப்போவதாகச் சம்பந்தி ஒற்றைக்காலில் நிற்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தபோது கொல்லையில் ஓர் அரைச் செங்கல்லைத் தூக்கிப்போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பார்த்தேன். கை மோசமில்லை, தோள்தான் கொஞ்சம் முந்துகிறது. புதுக்கைதானே. ஒற்றைக் கல்லில் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.